ஆடிக்கு முன்னால் வேலையை விடலாமா? போட்டோ எடுக்கிற ஒரு பனியன் கம்பெனிக்காரனின் கேள்வி

ஊத்துக்குளிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவன்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கைக்கு வருவது 38,000. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நூல் வந்ததா, டையிங்கில் ஷேடு சரியாக விழுந்ததா, பிரிண்டிங் ஏன் தாமதம், செக்கிங்கில் எத்தனை பீஸ் கழிந்தது, ஷிப்மெண்ட் தேதி தள்ளிப்போனால் விமானக் கூலி யார் தலையில். காலை 9 மணிக்கு உள்ளே போனால் ராத்திரி 8 மணி. ஷிப்மெண்ட் வாரம் என்றால் 11.

கேமரா பைத்தியம் 2019இல் பிடித்தது. ஒரு நண்பன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனான். அப்போது கையில் இருந்தது கேனன் 1500டி, கூடவே வந்த லென்ஸ். அதில் எடுத்தால் நாமக்கோழி கறுப்புப் புள்ளி மாதிரி இருக்கும், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் காங்கேயத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். சும்மா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அங்கே வந்திருந்த ஒறம்பரையில் (சொந்தக்காரர்களில்) ஒருத்தர், "எங்கூட்டுக் கல்யாணத்துக்கும் வாங்க தம்பி" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு என்னிடம் பழையதாக வாங்கிய சோனி ஏ7 3 கேமரா, 35 எம்எம், 85 எம்எம் லென்ஸ்கள், இரண்டு கோடாக்ஸ் ஃபிளாஷ், ஸ்டாண்டு, குடை எல்லாம் சேர்த்து 3,60,000 ரூபாய்க்குச் சாமான் இருக்கிறது. அதில் 1,20,000 என் மனைவியின் நகைக்கடன். போன மாதம்தான் மீட்டோம்.

போன வருடம் செய்தது 19 ஆர்டர். 11 கல்யாணம், தலா 40,000. சீர், காதுகுத்து, பிறந்தநாள் என்று 8 சின்ன விசேஷம், தலா 12,500. மொத்தம் 5,40,000. உதவிக்கு வந்த பையன், வீடியோக்காரர், ஆல்பம் பிரிண்ட் எல்லாவற்றுக்கும் போனது 2,15,000. மிச்சம் 3,25,000. மாதத்துக்கு 27,000 வருகிறது. பகுதிநேரத்திலேயே இவ்வளவு என்றால் முழுநேரம் இறங்கினால் சம்பளத்தைத் தாண்டிவிடலாம் என்பது என் கணக்கு.

வைகாசியில் ஒரு கல்யாணம். அதே நாளில் ஒரு கண்டெய்னர் கிளம்ப வேண்டும். பேக்கிங்கில் லேபிள் மாறிப்போய்விட்டது என்று போனுக்கு மேல் போன். கெட்டிமேளம் சத்தம் கேட்கும்போது நான் மண்டப வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், "அந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். ஓடினேன். மூன்றாவது முடிச்சுதான் என் கேமராவில் இருக்கிறது. முதல் இரண்டும் உதவிப் பையன் பக்கவாட்டில் எடுத்தது, அதிலும் பாதி முகத்தை நாதஸ்வரம் மறைக்கிறது. அந்த வீட்டார் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன்.

அப்பாவிடம் சொன்னேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், பெரிதாக வருமானம் இல்லை. "ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம் வாங்கறத விட்டுப்போட்டு, ஊரான் கல்யாணத்துல மொதப் பந்தியில சோறு திங்கப் போறியா?" என்றார். போட்டோக்காரன் சாப்பிடுவது கடைசிப் பந்தியில், ரசமும் மோரும் மட்டும் மிச்சம் இருக்கும்போது. அது அப்பாவுக்குத் தெரியாது.

மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, 14,000 வருகிறது. மகளுக்கு மூன்று வயது. இந்த மாதமே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கல்யாணம் இல்லாத ஆடியில் ஒரு ஸ்டூடியோவைத் தயார்செய்து, ஆவணியில் முழுமூச்சாக இறங்கலாம் என்று இருக்கிறேன். அவிநாசி ரோட்டுப் பக்கம் 15,000 வாடகையில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது கேமராவுக்குக் கடன் வாங்கலாமா? இறங்கியவர்கள், இறங்கித் திரும்பியவர்கள், யாராக இருந்தாலும் மனதில் படுவதைச் சொல்லுங்கள்.


பல்லடத்துப் பங்காளி எழுதியது:

ஒறம்பரை எல்லோர் கையிலும் ஆளுக்கொரு போன் இருக்கிறது, மேடையில் மாப்பிள்ளை முகமே தெரிவதில்லை. இதில் புதிதாக இன்னொரு போட்டோக்காரரா? சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உருப்படியாக ஒன்று சொல்கிறேன். அடுத்தது ட்ரோன் வாங்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சூலூரில் விமானப்படைத் தளம், பக்கத்திலேயே கோவை விமான நிலையம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மண்டபம் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்காமல் ஏற்றிவிடாதீர்கள். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைக் காசுக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழும் வேண்டும். என் பங்காளி ஒருத்தன் ட்ரோனை வாங்கிப் பரணில் வைத்திருக்கிறான்.


கோபி ஸ்டூடியோக்காரர் எழுதியது:

தம்பி, நான் கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து, 2009 ஆனி மாதம் வேலையை விட்டவன். நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் கணக்கு. 3,25,000 மிச்சம் என்கிறீர்கள். அது கைக்கு வந்த பணமா, வரவேண்டிய பணமும் சேர்ந்ததா? அடுத்து, 3,60,000 ரூபாய்ச் சாமான் நாலு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 90,000 தேய்கிறது. ஷட்டர் போகும், பேட்டரி உப்பும், மாடல் பழசாகும். அதை எந்தச் செலவில் எழுதினீர்கள்? ஆல்பம் டிசைன் பண்ண ராத்திரி உட்கார்ந்த நேரத்துக்கு எவ்வளவு? அது இப்போது சம்பளக்காரனின் பொழுதுபோக்கு நேரமாக இருப்பதால் உங்களுக்குக் கண்ணில் படவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் கேட்கவேண்டியது வேறு. வேலை இருக்கிற ஒரே காரணத்தால் போன வருடம் எத்தனை ஆர்டரை வேண்டாம் என்று சொன்னீர்கள்? இந்த எண்ணிக்கையை நீங்கள் எழுதவே இல்லை. நீங்கள் வேலையை விட்டால் நாள் கிடைக்கும், முகூர்த்தம் கூடுதலாகக் கிடைக்காது. ஆடியில் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை. மிச்ச மாதங்களிலும் ஆவணியில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோபியிலிருந்து சத்தி வரைக்கும் ஒரு மண்டபம் காலியாக இருக்காது. அன்றைக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள். உங்களால் போக முடிவது ஒன்றுக்குத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் கூப்பிட மாட்டார்கள். இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு பனியன் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. விட்டுவிட்டால் யார் கொடுப்பார்கள்?

நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனியில் விட்டேன், ஆடி வந்தது. கையில் ஒரு நிக்கான் டி90, மில் கொடுத்த கொஞ்சம் பணம். ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்ததில் பாதி போய்விட்டது. ஆடி இரண்டாவது வாரமே வீட்டில் காய்கறிக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணைக்குப் போனேன். குளிக்க வருகிற குடும்பங்களைப் படம் எடுத்து, அங்கேயே ஒரு சின்ன பிரிண்டரில் போட்டு, படம் 30 ரூபாய். பிரிண்டருக்குக் கரண்டு ஒரு மீன் வறுவல் கடையில். அந்த அம்மா காசு வாங்கவில்லை, அவர் பேரனை மட்டும் போகும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி நிற்கும்போது மில்லில் என்கீழ் வேலை பார்த்த பையன் குடும்பத்தோடு வந்தான். "சார்" என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, மீதி வாங்காமல் போனான். அந்த நாற்பது ரூபாய் எனக்கு நாலு நாள் உறுத்தியது.

அப்புறம், கைத்திறமை. உங்கள் படங்களை நான் பார்த்ததில்லை, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் பக்கத்துக் கல்யாணத்தில் அழகான படம் மட்டும் எடுத்தால் ஆகாது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டரில், பெண் ரூமில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று வளையல், ஜடை, கண்ணாடி என்று எடுத்துக்கொண்டே இருந்துவிட்டேன். வெளியே வந்தால் மாப்பிள்ளை பக்கம், கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா அந்த ஒரு சீருக்காக மஸ்கட்டிலிருந்து வந்தவர். நம் வழக்கத்தில் கூடப்பிறந்தவளுக்கு அன்றைக்கு இருக்கிற இடமே அதுதான். ஆல்பத்தை விரித்தார், இரண்டு தடவை புரட்டினார், மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாக்கி 12,000 அவர்களும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கொங்கு வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டிலேயே அந்தச் சீரைப் பத்துத் தடவை பார்த்தவன். பார்த்தவனுக்கே இந்தக் கதி.

அன்றிலிருந்து முதல் நாள் ராத்திரியே, சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்தச் சீர் எப்போது, எது வீட்டில், எது மண்டபத்தில், மங்கல வாழ்த்து பாடும்போது யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஊருக்கு ஊர் வரிசை மாறும், கூட்டத்துக்குக் கூட்டம், அதாவது குலத்துக்குக் குலம் மாறும். காங்கேயத்தில் கற்றதை வைத்துக்கொண்டு பரமத்தி வேலூரில் நிற்க முடியாது.

பணம் வாங்குவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். புக்கிங்கில் முப்பது பங்கு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஐம்பது, ஆல்பம் பிரிண்டுக்குப் போவதற்கு முன் மிச்சம் இருபது. கல்யாணத்தன்று மொய் எழுதுகிற மேசையில் பணம் இருக்கும். அன்றைக்கு வாங்காத பணம் தீபாவளிக்குத்தான் வரும், எந்தத் தீபாவளி என்று கேட்காதீர்கள்.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்டார்கள். சித்திரை, வைகாசிக்கு 14 ஆர்டர் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள், 50 பேரில் போட்டோக்காரனுக்கு எங்கே இடம்? வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வருடம் வீட்டை நடத்தியது நாலு மாடு. கறந்து சொசைட்டியில் ஊற்றினோம், வாரத்துக்கு ஒருமுறை பணம் வந்தது. நான் மாடு வாங்கச் சொல்லவில்லை. முகூர்த்தத்தை நம்பாத வருமானம் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்கிறேன்.

விட வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. நான் விட்டதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆடிக்கு முன்னால் விடாதீர்கள். வேலையில் இருந்தபடியே ஓர் ஆடியையும் ஒரு மார்கழியையும் சம்பளத்தைத் தொடாமல் போட்டோ பணத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டூடியோ வாடகையை அடியோடு மறந்துவிடுங்கள். கல்யாணப் பார்ட்டி ஸ்டூடியோவுக்கு வந்து ஆர்டர் கொடுத்த காலம் போய்விட்டது. எனக்கு அந்தக் கடை பாஸ்போர்ட் போட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும்தான் ஓடுகிறது.


வடவள்ளி எழுதியது:

நான் கோவையில் ஐடி வேலையை 2018இல் விட்டுவிட்டுக் குழந்தைகளைப் படம் எடுக்கிறேன். பிறந்து பத்துப் பதினைந்து நாள் குழந்தை, முதல் பிறந்தநாள், வளைகாப்பு. வீட்டு மாடியில் ஒரு ரூம், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். கோபி அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆடியில் பிறக்கிற குழந்தை ஆடியில்தான் பிறக்கிறது, எனக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை.

வேலையை விடுவதற்கு முன் சில காகித வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பெனியில் சேர்ந்து எவ்வளவு நாள் ஆகிறது? ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கிப் பாருங்கள். இரண்டு மாத வித்தியாசத்தில் அதை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு போய்விடும். புதிதாக எடுக்கிற பாலிசியில் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அதனால் சம்பளத்தில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். வீட்டுக்கடன் யோசனை இருந்தாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதுதான். அதற்குப் பிறகு பேங்கில் இரண்டு மூன்று வருட வருமான வரித் தாக்கல் கேட்பார்கள்.

இரண்டாவது கேமராவுக்குக் கடன் என்றீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்கிற, மானியத்தோடு தொழில் கடன் கொடுக்கிற மத்திய அரசுத் திட்டத்தை விசாரியுங்கள். 2022இல் வந்த விதிப்படி சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு, கிராமப் பகுதியில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம், பெண்கள் பெயரில் என்றால் 35. ஆனால் புதிய தொழிலுக்குத்தான் கொடுப்பார்கள். கடையைத் திறந்து போர்டு மாட்டிவிட்டுப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம், சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம்.

இன்னொன்று, எழுத்தில் ஒப்பந்தம். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் அவர்தான், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால். இன்ஸ்டாகிராமில் அந்தப் பெண் படத்தைப் போட்டு ஆர்டர் பிடிக்கிறோமே, அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். நான் ஒரு குழந்தை படத்தைப் போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி போன் பண்ணி "கண்ணு பட்டிரும் சாமி, எடுத்துருங்க" என்று சொன்னபோது உடனே எடுத்தேன். அவர் சட்டம் எல்லாம் பேசவில்லை, ஆனால் சட்டமும் அவர் பக்கம்தான்.

உங்கள் மனைவிக்கு ஆர்வம் இருந்தால் ஒரு கேமரா அவர் கையில் கொடுங்கள். தெரட்டி என்கிற பூப்பு நீராட்டுச் சீருக்கும், பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிற நேரத்துக்கும் பெண் போட்டோகிராபர் கேட்டு எனக்கு அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் போன் வருகிறது. என்னால் போக முடிவதில்லை.


ஈரோட்டில் ஒருவன் எழுதியது:

இறங்கித் திரும்பியவர்களும் சொல்லலாம் என்றதால் எழுதுகிறேன். 2022இல் விட்டேன், ஒன்றரை வருடத்தில் திரும்பினேன். டெக்ஸ்டைல் டிசைன் வேலைதான், இப்போது வேறு கம்பெனி. படம் நன்றாகத்தான் எடுத்தேன். மேனேஜரைப் பிடிக்காமல் வேலையை விட்டதை, போட்டோகிராபி பிடித்து விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்து பார்த்தால் ஒரு மேனேஜருக்குப் பதில் கல்யாணத்துக்கு ஒரு மாமா. பெண்ணின் மாமா, மாப்பிள்ளையின் பெரியப்பா, அத்தனை பேரும் மேனேஜர்தான். சத்தியமங்கலம் காட்டில் போய் யானை எடுத்துக்கொண்டு இருக்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. புலிகள் காப்பகத்தில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தக்கூட முடியாது, யானைப் படத்துக்கு யாரும் அட்வான்ஸ் கொடுப்பதும் இல்லை. லென்ஸை விற்றதில் பாதி விலைதான் கிடைத்தது. ஒரு 50 லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டேன், வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் நீர்க்காகம் எடுக்க. அதில் எடுத்தால் அதுவும் புள்ளிதான்.


ஊத்துக்குளிக்காரன் எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷிப்மெண்ட்.

கோபி அண்ணா, நீங்கள் கேட்டதற்கு வாட்ஸ்அப்பைத் தோண்டிப் பார்த்தேன். போன வருடம் முடியாது என்று சொன்னது 7 கல்யாணம். அதில் 3 அதே தேதியில் எனக்கு வேறு ஆர்டர் இருந்ததால். வேலையால் விட்டது 4தான். அதாவது வேலையை விட்டிருந்தால் நாலு கல்யாணம் கூடியிருக்கும், 12 மாதச் சம்பளம் போயிருக்கும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. 500 பீஸ் டீசர்ட்டுக்கு காஸ்டிங் போடும்போது பட்டன் நூல் வரைக்கும் எழுதுகிறவன் நான்.

வரவேண்டிய பாக்கி 84,000 இருக்கிறது, அதையும் மிச்சம் என்றுதான் சேர்த்திருந்தேன். அதையும் சாமான் தேய்மானத்தையும் கழித்தால் 1,51,000. மாதத்துக்கு 12,500 சொச்சம். மனைவியிடம் காட்டினேன். "என் சம்பளத்தைவிடக் கம்மி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வடவள்ளி அக்கா, நவம்பரில் ஐந்து வருடம் முடிகிறது. அடிப்படைச் சம்பளம் 19,500. நீங்கள் சொன்னபடி போட்டால் 56,250 வருகிறது. அதை விட்டுவிட்டு இந்த மாதம் நோட்டீஸ் கொடுக்க இருந்தேன்! இன்சூரன்ஸுக்கு விசாரித்தாகிவிட்டது. கேமராவைப் பற்றி வீட்டில் கேட்டேன், யோசிக்கிறாள். முதலில் அவள் மாமன் மகள் தெரட்டிக்குச் சும்மா எடுத்துப் பார்க்கிறேன் என்கிறாள்.

செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது என்று யோசித்ததில் ஒன்று தோன்றியது. காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற நிறையப் பேர் இப்போது ஆன்லைனில் விற்கிறார்கள். அவர்கள் போடுகிற படத்தைப் பார்த்தால் வயிறு எரியும். டியூப்லைட் வெளிச்சத்தில், தரையில் விரித்து, போனில் எடுத்தது. காலர் சுருங்கியிருக்கும், வெள்ளை பனியன் நீலமாக இருக்கும். எனக்குத் துணி தெரியும், எந்தத் தையலைக் காட்டினால் வாங்குகிறவன் நம்புவான் என்று தெரியும். தெரிந்த ஒருத்தர் கடையில் 40 பீஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், பீஸுக்கு 80 ரூபாய். வேலையில் இருக்கும்போது இது சரிதானா என்று என் நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் கம்பெனி உள்ளூர் விற்பனையில் இல்லை, ஆனாலும் எங்கள் எம்டியிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத்தான் செய்யப் போகிறேன்.

ஸ்டூடியோ இடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


கோபி ஸ்டூடியோக்காரர் எழுதியது:

நல்லதுங்க தம்பி. ஒரு கல்யாணத்துக்கு ராத்திரி உட்கார்ந்து ஆல்பம் பண்ணுகிற நேரத்தில் 40 பனியன் எடுத்துவிடலாம். பனியன் வியாபாரத்தில் கடன் நாள் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 90 நாள் என்பார்கள், முதல் தடவையிலேயே பேசிவிடுங்கள்.

அந்த 84,000 என்ன ஆனது?


ஊத்துக்குளிக்காரன் எழுதியது:

நாலு வீட்டுக்கும் போன் பண்ணினேன் அண்ணா. ஒருத்தர் அன்றைக்கே 18,000 அனுப்பினார், மறந்துவிட்டதாகச் சொன்னார், உண்மையிலேயே மறந்திருப்பார் போல. இரண்டு பேர் ஆவணிக்கு என்றார்கள்.

நாலாவது வீட்டில் பெண்ணின் அம்மா பேசினார். "பாக்கி தராம இல்லீங்க தம்பி. கூறைச்சேலை கலர் ஆல்பத்துல வேற மாதிரி இருக்குது, அத எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தோம்." மாம்பழ மஞ்சள் சேலை. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் ஆல்பத்தையும் சேலையையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆல்பத்தில் அது ஆரஞ்சு. மண்டபத்து எல்இடி ஒரு நிறம், வீடியோ லைட் ஒரு நிறம், நான் வீட்டில் மானிட்டரைச் சரிபார்க்காமல் திருத்தி அனுப்பியிருக்கிறேன். டையிங்கிலிருந்து இப்படி ஒரு ஷேடு வந்தால் கையில் தொடாமலே திருப்பி அனுப்புகிறவன் நான். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று லைட் பாக்ஸில் வைத்து வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குச் சம்பளம்.

பத்து ஷீட் மறுபடி பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டை அந்த அம்மா கத்தரித்துக் கொடுத்தார். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி லைட் பாக்ஸில் அதையும் டெஸ்ட் பிரிண்டையும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.